கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: சேருவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஏப்ரல் 14, 2025: கேள்வி

சன்னிவேலில் இருக்கிறோம். மகன் இந்த ஜூனில் பன்னிரண்டாவது முடிக்கிறான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. நினைத்த யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் எதுவும் வரவில்லை, மெர்செட் மட்டும் வந்திருக்கிறது. அவனோ டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் (அரசின் இரண்டு வருடக் கல்லூரி) ரெண்டு வருஷம் படித்துவிட்டு யூ.சி. பெர்க்லியோ டேவிஸோ மாறிக்கொள்கிறேன் என்கிறான். அவன் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. "ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது, அது சுமாராப் படிக்கிற பசங்க போற இடம்"னு ஒரே பேச்சு. மே 1க்குள் மெர்செட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விவரம் தெரிந்த அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 14, 2025, இரவு

நான் சொல்கிறேன். இந்த ஊருக்கு எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) வந்து கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு படித்தவள் நான். பிறகு என் மகள் அதே வழியில் இரண்டு வருடம் படித்து யூ.சி. டேவிஸுக்கு மாறினாள். உள்ளிருந்தும் பார்த்திருக்கிறேன், அம்மாவாக வெளியே நின்றும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பணம். கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவுக் கணக்கு) 46 டாலர். 2012இலிருந்து அதே தொகைதான். டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறையில் (வருடத்தை நான்காகப் பிரிப்பது) நடப்பதால் அங்கே யூனிட்டுக்கு 31. செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690 டாலர், அதன்மேல் ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங் என்று கொஞ்சம். யூ.சி.யில் டியூஷன் மட்டும் வருடத்துக்கு 15,000ஐ ஒட்டி வரும். தங்குமிடம், சாப்பாடு சேர்த்தால் 40,000ஐத் தாண்டும். இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள், அதனால் இதிலேயே நிற்க வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது: இரண்டு வருடம் இரண்டு வருடமாகவே இருக்குமா? கம்யூனிட்டி காலேஜில் காசு கம்மி, ஆனால் அசந்தால் வருடங்களை வாங்கிக்கொள்ளும். எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து முதல் வகுப்பைத் தேர்ந்தெடுப்பவனுக்கு இதைவிட நல்ல வழி இந்த மாநிலத்தில் இல்லை. சும்மா சேர்ந்து பார்ப்போம் என்று போகிறவனுக்கு மெர்செட்டே மேல். மெர்செட்டும் யூ.சி.தான், 2005இல் திறந்தார்கள். புதுசு என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

ஏப்ரல் 15, 2025

மகனை உட்கார வைத்து இன்றே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். அசிஸ்ட் என்று ஒரு தளம் இருக்கிறது, அரசு சார்பில் நடப்பது, இலவசம். இடது பக்கம் டி ஆன்சா, வலது பக்கம் பெர்க்லி அல்லது டேவிஸ், பிரிவு மெக்கானிக்கல் என்று போட்டால், அங்கே கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எந்தப் பாடம் ஈடு என்று வரிசையாக வரும். சில இடத்தில் "ஈடான பாடம் இல்லை" என்றும் வரும். அந்தத் தாளை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒட்டியிருந்தோம். மகள் ஒவ்வொன்றாகப் பச்சை மையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

இன்ஜினியரிங்கில் எல்லாமே கணக்கு வரிசையைப் பிடித்துத் தொங்குகிறது. டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டர். அதன்பின் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா. ஆறு படி. கோடையை விட்டால் இரண்டு வருடத்தில் இருப்பது ஆறு குவார்ட்டர். கால்குலஸ் முதல் பாகத்திலிருந்து முதல் குவார்ட்டரிலேயே தொடங்கினால் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் முட்டும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் கோடையில் படிக்காமல் முடியாது. இயற்பியலும் நான்கு குவார்ட்டர், அதற்குள் நுழையவே கால்குலஸ் வேண்டும். நடுவில் ஒரு வகுப்பில் இடம் கிடைக்காமல் போனால் பின்னால் உள்ள அத்தனையும் சரியும்.

ஆகவே அவன் ஏ.பி. கால்குலஸ் (பள்ளியிலேயே கல்லூரி அளவில் எழுதும் தேர்வு) எழுதினானா, என்ன மதிப்பெண் வந்தது என்பதுதான் உங்கள் வீட்டில் இப்போது பேச வேண்டிய பேச்சு. ஊர் என்ன சொல்லும் என்பதை அப்புறம் பேசலாம்.

ஏப்ரல் 15, 2025, மாலை

"காலேஜ் கவுன்சிலர் (படிப்பு ஆலோசகர்) இருக்கிறாரே, அவர் எல்லாம் சொல்லிவிடுவார்" என்று எழுதியவருக்கு: சொல்வார், கேட்டால். அரை மணி நேரச் சந்திப்பு, அவருக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள். நல்ல கவுன்சிலர்கள் நிறைய உண்டு. என் மகளுக்குக் கடைசி வருடம் வாய்த்தவர் தங்கமான மனுஷி. முதல் வருடம் பார்த்தவரோ கால்குலஸ் இல்லாத இயற்பியலை எடுக்கச் சொன்னார். அது உயிரியல் மாணவர்களுக்கானது, அவள் போக நினைத்த பிரிவு அதை ஏற்காது. ஒட்டி வைத்த தாள் இருந்ததால் தப்பித்தாள். கல்லூரிப் பெயர் வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான்.

தாளோடு போய் உட்கார்ந்து, "இதை வைத்துக் கல்வித் திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

ஏப்ரல் 17, 2025

டேக் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். டிரான்ஸ்ஃபர், அதாவது கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுபவர்களுக்கான சேர்க்கை உத்தரவாதம். யூ.சி. வளாகங்களில் ஆறு தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ தருவதில்லை. ஒரு மாணவர் ஒரு வளாகத்துக்கு மட்டும் டேக் போடலாம். பாடங்களை முடித்து, அந்தப் பிரிவுக்குச் சொன்ன ஜி.பி.ஏ.யை (சராசரி மதிப்பெண்) காப்பாற்றினால் இடம் உறுதி. மற்ற வளாகங்களுக்குச் சாதாரணமாக விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

இதில் மறைந்திருக்கும் பள்ளம் பிரிவுதான். எல்லாப் பிரிவுக்கும் டேக் இல்லை. சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரிக்கு இல்லை, அங்கே கணினி அறிவியலும் அதற்குள்தான் வருகிறது. வளாகத்தின் பெயரை மட்டும் பார்த்து "டேக் இருக்கே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வளாகமும் பிரிவும் சேர்த்துப் பாருங்கள். வருடாவருடம் அட்டவணை வெளியிடுகிறார்கள், பழைய வருடத்து அட்டவணையை நம்ப வேண்டாம்.

யூ.சி.எல்.ஏ. ஆசை இருந்தால் சில கம்யூனிட்டி காலேஜ்களில் ஹானர்ஸ் திட்டம் வழியாக டேப் என்று ஒன்று உண்டு. உத்தரவாதம் இல்லை, முன்னுரிமை மட்டும்.

கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், யூ.சி. அல்ல) பக்கம் போகிறவர்களுக்கு ஏ.டி.டி. என்ற இரண்டு வருடப் பட்டம். 2010இல் வந்த சட்டம். அதை முடித்தால் ஏதாவது ஒரு கால் ஸ்டேட்டில் இடம் உண்டு. எந்தக் கால் ஸ்டேட் என்பது உங்கள் கையில் இல்லை. பிசினஸ், சைக்காலஜி படிப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு, இன்ஜினியரிங்குக்குப் பெரிதாக உதவாது.

ஏப்ரல் 18, 2025

"பட்டத்தில் கம்யூனிட்டி காலேஜ் பேர் வருமா?" வராது. டேவிஸில் முடித்தால் டேவிஸ் பட்டம், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் ஊருக்குச் சொல்ல அது போதும்.

ஏப்ரல் 20, 2025

விசா. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் வீடுகளில் இதுதான் பாதிக் கதை.

எச்-4இல் இருக்கும் பிள்ளைகள் முழுநேரமாகப் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்ததை நிரூபித்தால் உள்ளூர்க் கட்டணம்தான். எஃப்-1 (மாணவர்), எஃப்-2 (மாணவரின் குடும்பம்), பி (சுற்றுலா) விசாக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரின் குடியிருப்பைப் பார்ப்பார்கள். வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுத்து வையுங்கள். செமஸ்டர் தொடங்கியபின் அலைந்து பிரயோஜனம் இல்லை, தொடங்குவதற்கு முந்தைய நாள் வரைதான் கணக்கு.

எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. 21 வயதானால் எச்-4 முடிகிறது. 18இல் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து 20இல் யூ.சி.க்கு மாறினால், அங்கே மூன்றாம் வருடம் நடக்கும்போதே 21 வந்துவிடும். அப்போது எஃப்-1க்கு மாற வேண்டி வந்தால் கட்டணக் கணக்கே மாறக்கூடும். சேருவதற்கு முன்பே வழக்கறிஞரிடமும், போகப் போகிற வளாகத்தின் குடியிருப்பு அலுவலகத்திலும் கேளுங்கள். கேட்கும்போது பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

ஏப்ரல் 22, 2025

"இது ஃபெயிலான பசங்க காலேஜ், நாம ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன்.

1907இல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது, உயர்நிலைப் பள்ளிகளே பன்னிரண்டாவதுக்கு மேல் வகுப்பு நடத்தலாம் என்று. 1910இல் ஃப்ரெஸ்னோவில் தொடங்கினார்கள். 1960இல் மாஸ்டர் பிளான், மாநில உயர்கல்வி முழுவதுக்குமான திட்டம். கிளார்க் கெர் தலைமையில் யூ.சி. இருந்த காலம். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., மேல் மூன்றில் ஒரு பங்குக்கு கால் ஸ்டேட், கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும், அங்கிருந்து மேலே மாற வழி. டிரான்ஸ்ஃபர் என்பது பின்வாசல் இல்லை, முதலிலேயே வரைபடத்தில் போட்ட வாசல். 1984 வரை இங்கே மாணவர் கட்டணமே கிடையாது தெரியுமா? இன்று 116 கல்லூரிகள், இருபது லட்சத்துக்கும் மேல் மாணவர்கள். இத்தனை பேரையும் ஃபெயிலானவர்கள் என்கிறீர்களா?

என் வகுப்பில் ஒரு பக்கம் பதினேழு வயதுப் பெண், இன்னொரு பக்கம் ராணுவத்திலிருந்து வந்தவர், பின்னால் பேரன் எடுத்த பாட்டி. இரவு ஒன்பதரை மணிக்கு வேலை அலுப்போடு ஆய்வகத்தில் நிற்பவர்களைப் பார்த்தபின் அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வராது.

ஏப்ரல் 23, 2025

நேற்று சூடாக எழுதிவிட்டதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன், அதுவும் உண்மைதான். நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்று நினைத்துச் சேர்பவர்களில் நான்கு வருடத்துக்குள் மாறுபவர் ஐந்தில் ஒருவர் அளவுதான். வேலை, குடும்பம், பணமுடை, தப்பான வகுப்புகள், கணக்கில் சிக்கல் என்று பல காரணம். வீட்டில் இருந்து முழுநேரம் படிக்கும் உங்கள் மகனின் நிலை வேறு. ஆனாலும் இந்த எண்ணை அவனும் தெரிந்துகொண்டு போகட்டும். திறமைக் குறைவால் நின்றவர்களைவிடத் திட்டம் இல்லாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மே 2, 2025

மெர்செட்டை விட்டுவிட்டு டி ஆன்சா என்று முடிவு செய்ததாக அந்த அம்மா எழுதியிருக்கிறார். ஏ.பி. கால்குலஸ் தேர்வு இந்த மாதம்தான். நல்லபடி எழுதட்டும். மதிப்பெண்ணை டி ஆன்சாவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், பின்னால் யூ.சி.க்கும் தனியாக அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு அனுப்பினால் மற்றதற்குத் தானாகப் போகாது.

மே 9, 2025

எச்-4இல் வீட்டில் இருக்கும் தங்கைகள் இருவர் தனியாகக் கேட்டார்கள், நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று. நிறைய இருக்கிறது.

நான் எடுத்தது குழந்தைக் கல்வி. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற ப்ரீஸ்கூலில் ஆசிரியையாக வேலை பார்க்க 12 யூனிட் வேண்டும். ஆறு யூனிட் முடித்ததுமே, மீதியைத் தொடர்ந்து படிக்கும் நிபந்தனையோடு எடுத்துக்கொள்வார்கள். 12 யூனிட் என்பது நான்கு வகுப்பு. 46ஆல் பெருக்கிப் பாருங்கள், 552 டாலர். அதன்மேல் கைரேகைப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிச் சான்று. வேலை அனுமதி வருவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது.

கவனித்து எழுதும் வகுப்பு என்று ஒன்று உண்டு. வளாகத்துக் குழந்தைகள் மையத்தில் ஓரமாகக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒரே குழந்தையைப் பார்த்து எழுத வேண்டும். "பையன் கோபமாக மரக்கட்டையைத் தள்ளினான்" என்று எழுதினேன். பேராசிரியை "கோபமாக" என்பதை மட்டும் வட்டமிட்டு, "இதை நீ பார்த்தாயா, நினைத்தாயா?" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். அடுத்த முறை எழுதினேன்: உதட்டை இறுக்கினான், இடது கையால் கட்டையை விளிம்பு வரை நகர்த்தினான், அது விழும் சத்தம் கேட்டதும் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பக்கம் நிரம்பியது. அதற்கு முன் என் பிள்ளைகளை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஊரில் எம்.எஸ்சி. முடித்தவள் நான். என் படிப்பில் எனக்குப் பிடித்த வகுப்பு எது என்று கேட்டால் அந்த மாலை வகுப்பைத்தான் சொல்வேன்.

ஊரில் பி.காம்., சி.ஏ. முடித்து சி.பி.ஏ. (அமெரிக்கக் கணக்காளர் தேர்வு) எழுத நினைப்பவர்கள், இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்தபின் குறையும் அக்கவுன்ட்டிங் யூனிட்டுகளை இங்கேயே எடுக்கலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள்.

மே 11, 2025

நர்சிங் கேட்ட தங்கைக்கு: ஆகும், ஆனால் பொறுமை வேண்டும். இரண்டு வருட அசோசியேட் பட்டம் முடித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, கிடைப்பது ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்குள் நுழைவதற்கு முன் அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, இங்கிலீஷ் எல்லாம் முடிக்க வேண்டும். அதற்கே ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். அதன்பின் சில கல்லூரிகளில் குலுக்கல், சிலவற்றில் மதிப்பெண் கணக்கு, டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வு. அறிவியல் பாடங்கள் பழசாகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியே படியுங்கள். குலுக்கலா மதிப்பெண்ணா என்பதைப் பொறுத்து நீங்கள் எவ்வளவு அடித்துப்பிடித்து ஏ வாங்க வேண்டும் என்பதே மாறும்.

ஜூன் 3, 2025

மே மாதம் சொன்னதற்கு மேல் ஒரு யோசனை. பணத்தையும் பாடத்தையும் பற்றியே எழுதினேன். பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மகள் டேவிஸுக்குப் போனபோது அங்கே எல்லோருக்கும் முதல் வருட விடுதித் தோழிகள் இருந்தார்கள். இவளுக்கு யாரும் இல்லை. மூன்றாம் வருடப் பாடம் முதல் நாளே கழுத்தைப் பிடிக்கிறது, அதே செப்டம்பரில் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்க வந்துவிடுகின்றன. யூ.சி.யில் ஒரு மதிப்பெண்கூட இல்லாமல் ரெஸ்யூமேயை நீட்ட வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண்கள் சேர்க்கைக்குத்தான் உதவும், யூ.சி. ஜி.பி.ஏ. பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் திறமை உதவித்தொகைகளில் பலவும் இவர்களுக்கு இல்லை.

அதனால் கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே ஏதாவது செய்திருக்க வேண்டும். ரோபாட்டிக்ஸ் குழு, ஆய்வக உதவி, கணக்கு டியூஷன் மையத்தில் வேலை, எதுவானாலும். வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் பழக்கம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரி. பேராசிரியர்களைப் பழகிக்கொள்வது இங்கே சுலபம். வகுப்பில் முப்பது, நாற்பது பேர். யூ.சி.யில் முதல் வருட வேதியியல் அரங்கில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூன் 20, 2025

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளை டூயல் என்ரோல்மென்ட்டில் (பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி வகுப்பு எடுப்பது) போடுவது பற்றி. பெரும்பாலான கல்லூரிகளில் கட்டணம் இல்லை, அதனால் நம் ஆட்கள் கோடைக்கு மூன்று வகுப்பு என்று அள்ளிப் போடுகிறார்கள். தயவு செய்து நிதானமாகச் செய்யுங்கள். பதினைந்து வயதில் வாங்கிய சி கிரேடு அந்தப் பிள்ளையின் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். சி வாங்கிய வகுப்பைக் கூடுதல் மதிப்பெண்ணுக்காகத் திருப்பி எடுக்கவும் முடியாது. பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு வகுப்பு, அதுவும் பள்ளிச் சுமை இல்லாத கோடையில். போதும்.

ஆகஸ்ட் 19, 2025

செமஸ்டர் கல்லூரிகள் அடுத்த வாரம் தொடங்குகின்றன, டி ஆன்சாவுக்கு இன்னும் ஒரு மாதம். வெயிட்லிஸ்ட்டில் இருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

சில வருடங்களாகப் போலி மாணவர்கள் தொல்லை. உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகத் திருடிய பெயர்களில் சேர்ந்து இணையவழி வகுப்புகளில் இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஆசிரியர்கள் முதல் நாட்களிலேயே ஆள் நிஜமா என்று பார்க்கிறார்கள். கேன்வாஸ் என்ற வகுப்புத் தளத்தில் "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று வரும் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். நிஜமான பிள்ளைகள், அது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்து இடத்தை இழக்கிறார்கள். கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேர்முக வகுப்பாக இருந்தால், வெயிட்லிஸ்ட்டில் இருந்தாலும் முதல் நாள் போய் உட்கார வேண்டும், உட்கார இடம் இல்லாவிட்டால் பின்சுவரோரம் நிற்க வேண்டும். பேராசிரியர் பெயர் கூப்பிட்டு, வராதவர்களை அடித்துவிட்டு, வரிசைப்படி ஆட் கோடு (வகுப்பில் சேர்வதற்கான எண்) எழுதிய சீட்டைக் கொடுப்பார். என் மகளுக்கு இயற்பியல் வகுப்பு அப்படித்தான் கிடைத்தது. அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் வரவே இல்லை. சீட்டை வாங்கியதும் நடைபாதையிலேயே நின்று கைபேசியில் பதிவு செய்துவிட்டாள், அந்தக் கோடுக்கும் காலக்கெடு உண்டு.

ஆகஸ்ட் 20, 2025

மேலே உள்ளதோடு: ஒரு வகுப்பு ஒத்துவராது என்று தெரிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள், சென்சஸ் தேதிக்கு (கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முன் விட்டால் மதிப்பெண் பட்டியலில் தடயமே இருக்காது. அதன்பின் முக்கால்வாசி வரை விடலாம், ஆனால் டபிள்யூ (வகுப்பிலிருந்து விலகியதற்கான குறி) விழும். ஒரே வகுப்பில் டபிள்யூ, டி, எஃப் எல்லாம் சேர்த்து மூன்று முறைதான் அனுமதி. ஒரு டபிள்யூ யாரையும் கெடுக்காது. வெட்கப்பட்டு விடாமல் இருந்து எஃப் வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல். பிள்ளைகள் நம்மிடம் சொல்லத்தான் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை எடுப்பது நம் வேலை.

செப்டம்பர் 12, 2025

பக்கத்து வீட்டுப் பையன் கால்குலஸில் பாதியை செமஸ்டர் கல்லூரியிலும் மீதியை குவார்ட்டர் கல்லூரியிலும் எடுத்திருக்கிறான், கோடையில் நேரம் மிச்சமாகும் என்று. இரண்டும் பொருந்தவில்லை. இடையில் ஒரு பகுதி விட்டுப்போய்விட்டது. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் போன்ற தொடர் பாடங்களைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடியுங்கள். எந்த ஊர் என்று பலகையைப் பார்க்காமல் பஸ் மாறி ஏறுகிற மாதிரிதான் அது. வரலாறு, கலை போன்ற ஒற்றைப் பாடங்களை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பொதுப் பாடங்களுக்கு இந்த வருடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு கால்-கெட்சி என்ற பட்டியல். பழைய ஐகெட்சி பட்டியலை வைத்து அண்ணன் அக்கா சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். இன்ஜினியரிங் மாணவர்கள் இந்தப் பட்டியலை முடிப்பதைவிடக் கணக்கு, அறிவியலை முடிப்பதற்குத்தான் முதலிடம் தர வேண்டும். சேர்க்கையில் யூ.சி. முதலில் பார்ப்பது அதைத்தான்.

செப்டம்பர் 14, 2025

யூனிட் அதிகம் சேர்ந்தால் நல்லதா என்று கேட்டவருக்கு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.சி. ஏற்றுக்கொள்ளும் யூனிட்டுக்கு உச்சவரம்பு உண்டு, 70 செமஸ்டர் அல்லது 105 குவார்ட்டர் யூனிட். அதற்குமேல் எடுத்தால் பாடம் முடித்ததாகக் கணக்கில் வரும், யூனிட் சேராது. மாறுவதற்கு வேண்டியது 60 அல்லது 90. 100 செமஸ்டர் யூனிட்டைத் தாண்டினால் கம்யூனிட்டி காலேஜிலேயே முன்பதிவு உரிமை போய்விடும்.

செப்டம்பர் 26, 2025

டி ஆன்சாவில் வகுப்பு தொடங்கிவிட்டது, மகன் கால்குலஸ் இரண்டாம் பாகத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அப்பாவே வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனாராம். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இப்போதே ஒன்று. டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். குவார்ட்டர் கல்லூரியில் செப்டம்பர் கடைசியில்தான் வகுப்பு தொடங்குகிறது, கவுன்சிலர்கள் அறை அப்போதுதான் நிரம்பி வழியும். அதனால் அடுத்த கோடையிலேயே, ஜூலையிலேயே, டேக் தாளை எழுதி வைத்து கவுன்சிலரிடம் காட்டிவிட வேண்டும். செப்டம்பர் 25 அன்று சந்திப்பு கேட்டால் கிடைக்காது. அடுத்த வருடக் காலண்டரில் இன்றே குறியுங்கள்.

நவம்பர் 8, 2025

இந்த வருடம் மாறப்போகும் பிள்ளைகளின் வீட்டாருக்கு: யூ.சி. விண்ணப்பம் டிசம்பர் 1 அன்று மூடுகிறது. டேக் போட்டிருந்தாலும் இந்த விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும், போடாவிட்டால் டேக் செல்லாது. எடுத்த ஒவ்வொரு வகுப்பையும் எழுதுங்கள். பள்ளிக் காலத்தில் எடுத்த டூயல் என்ரோல்மென்ட் வகுப்பு, டபிள்யூ விழுந்தது, வேறு கல்லூரியில் ஒரு கோடை எடுத்தது எல்லாம். விட்டுப்போனது பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். ஜனவரியில் இலையுதிர்கால மதிப்பெண்களையும் வசந்தகால வகுப்புகளையும் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும், டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள்.

முதல் வருடப் பிள்ளைகளுக்குக் குளிர்கால குவார்ட்டர் பதிவு. ஒவ்வொருவருக்கும் தனித் தேதி, தனி நேரம் வந்திருக்கும். அந்த நிமிடத்தில் கணினி முன் இருக்க வேண்டும். இயற்பியல் வகுப்பு முதலில், மற்றவை அப்புறம்.